பிழையாகச் சொன்ன ஜெப விண்ணப்பம்

என் தங்கை சுகந்தி தன்னுடைய புத்தகங்களையும் கணினியையும் அலுமாரிக்குள் அடுக்கிப் பூட்டிவிட்டு, திறப்பைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். போன வருஷம் பெரிய வெள்ளிக்கு முந்தின கிழமை அது.

"உங்களிட்டையே இருக்கட்டும் அண்ணா. நான் விட்டிட்டன்" என்றாள்.

அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

சபையில் என்னைத் தெரிந்தவர்கள் குறைவு. நான் பின்வரிசையில் இருந்து, ஆராதனை முடிந்ததும் முதல் ஆளாக இறங்கிப் போகிறவன். சாட்சி சொல்லக் கூப்பிட்டால் செருப்பைத் தேடுவேன். ஆனால் கர்த்தர் செய்ததை வாயை மூடிக்கொண்டு வைத்திருப்பதும் சரியில்லை. அதனால் எழுதித் தருகிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எழுத்துப் பிழைகளைப் போதகரின் மனைவி திருத்தித் தந்தார்.

நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு சின்னப் பிள்ளையாக இருந்த தங்கையைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்தேன். இப்போது கொட்டாஞ்சேனையில் நானும் மனைவியும் அவளுமாக இருக்கிறோம். வெள்ளவத்தையில் ஒரு சேலைக் கடையில், மாடிப்படிக்குக் கீழே மெஷின் முன்னால் இருந்து சேலைக் கரைகளுக்கு ஃபோல் துணி தைப்பது என் வேலை. யாரோடும் கதைக்கத் தேவையில்லை. எனக்கு ஏற்ற இடம்.

தங்கை கெட்டிக்காரி. மின் பொறியியல் படித்து முடித்து, பல்கலைக்கழகத்திலேயே படிப்பித்துக்கொண்டு, கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தாள். என்ன ஆராய்ச்சி என்று ஒருநாள் சோறு சாப்பிடும்போது கேட்டேன்.

"நாடு முழுக்கக் கரண்ட் போனா, ஒரேயடியாத் திருப்பிக் குடுக்கேலாது அண்ணா. எல்லாற்ற பிரிட்ஜும் மோட்டரும் ஒண்டா இழுக்கும். திரும்பவும் விழுந்திடும். முதல் ஒரு சின்ன இடத்துக்குக் குடுக்கோணும். அது நிண்டு பிடிச்சா, பக்கத்து இடத்துக்கு. வீட்டுக் கூரைகளில இருக்கிற சோலாரையும் வச்சு இதை எப்பிடிச் செய்யலாம் எண்டுதான் பாக்கிறன்."

"முடிச்சா என்ன கிடைக்கும்?"

"பேருக்கு முன்னால டொக்டர் எண்டு போடலாம்" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு பிறகு எங்கேயோ போய்விட்டது. வருஷக் கணக்காகச் செய்து எழுதிக் கொடுத்த ஆய்வேட்டைப் பார்த்த பரீட்சகர் ஒருவர், முக்கியமான அத்தியாயம் சரியில்லை, முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும் என்று எழுதி அனுப்பியிருந்தார். அதற்குப் பிறகு அவள் வேலைக்கு லீவு போட்டாள். அறையை விட்டு வெளியே வரவில்லை. சாப்பாட்டைக் கதவடியில் வைத்தால் பாதி திரும்பி வரும். பிறகுதான் அந்தத் திறப்பு.

ஒருநாள் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "விடியாமலே இருந்தா நல்லம் அண்ணா" என்றாள். தேத்தண்ணீரைக் கீழே வைத்தேன். பக்கத்தில் இருந்து தலையைத் தடவினேன். அன்றிலிருந்து என் மனைவி தன் பாயை அவளுடைய அறையிலேயே போட்டுக்கொண்டாள்.

திறப்பைக் கடையில் என் மெஷின் மேசையின் இழுப்பு லாச்சிக்குள் வைத்தேன். நூல் எடுக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். படும்போதெல்லாம் "ஆண்டவரே" என்பேன். அதற்கு மேல் எனக்குச் சொற்கள் வராது.

அந்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் போதகர், "யாருக்காவது விண்ணப்பம் இருக்கா?" என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், மேசை எழுந்து நின்றாலும் அவள் அப்படி ஆச்சரியப்பட்டிருக்க மாட்டாள்.

கலாநிதி என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்குமோ என்று ஒரு யோசனை. "என்ர தங்கச்சி டொக்டருக்குப் படிக்கிறா. இப்ப விடப்போறன் எண்டு சொல்லுறா. அவவுக்காக ஜெபியுங்கோ" என்றேன். சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். சேர்ட் நனைந்துவிட்டது.

எல்லோரும் கண்ணீரோடு ஜெபித்தார்கள். "ஆண்டவரே, இந்த மகளுடைய கையால அநேக நோயாளிகள் சுகமாகட்டும்" என்று போதகர் ஜெபித்தபோதுதான் நான் ஒரு கண்ணைத் திறந்தேன். மனைவி ஏற்கெனவே இரண்டு கண்ணையும் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து திருத்திச் சொல்ல என்னால் முடியவில்லை. ஒருமுறை எழுந்ததே பெரிய காரியம்.

"இஞ்சேருங்கோ, இனி ஆரும் ஊசி போட வந்தா நீங்கள்தான் போடோணும்" என்று வழி நெடுக மனைவி நக்கலடித்துக்கொண்டு வந்தாள்.

அவள் சொன்னபடியே ஒருவர் வந்தார். ஜெபக்கூட்டத்துக்கு வருகிற மேபிள் அன்ரி. அடுத்த தெருவில் தனியாக இருப்பவர். சீனி வருத்தக்காரி, நீரிழிவு. கதவைத் தட்டி, குரலைத் தாழ்த்தி, "மகன், நம்ம டொக்டர் மகள் இருக்காங்களா?" என்று கேட்டார். நான் விஷயத்தைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள், சத்தம் கேட்டுத் தங்கை அறைக் கதவைத் திறந்துவிட்டாள். அன்ரி கதிரையில் இருந்து, காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். பாதத்தின் ஓரத்தில் புண். அந்த வாடையிலேயே எனக்குத் தலை சுற்றியது.

"யாருக்கும் சொல்லல்ல மகள். ஆஸ்பத்திரிக்குப் போனா கால வெட்டிருவாங்க. நீங்க ஒரு மருந்து எழுதித் தாங்க, போதும்."

தங்கை என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். விஷயம் அவளுக்கு விளங்கிவிட்டது. நிலத்தில் குந்தியிருந்து, அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துப் பார்த்தாள். பிறகு, "அன்ரி, மருந்து எழுதுறதுக்கு முதல் ஒருக்கா ஆஸ்பத்திரியில காட்டோணும். நான் கூடவே இருப்பன். வெட்ட விடமாட்டன்" என்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு உடுப்பு மாற்றி, தலை சீவி, ஓட்டோவில் ஏறினாள்.

பெரியாஸ்பத்திரியில் நீண்ட வரிசை. தங்கை சிங்களத்தில் கேட்டு, விசாரித்து, அன்ரியின் கையை விடாமல் இருந்திருக்கிறாள். "இவங்களும் டொக்டர்தான்" என்று அன்ரி தாதியிடம் பெருமையாகச் சொல்ல, தாதி எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க, தங்கை அங்கேயே உண்மையைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"அனே, கரண்ட் டொக்டரா?" என்று அன்ரி கேட்டாராம். "அப்ப எனக்கு ஷொக் குடுக்கவா கூட்டிக்கிட்டு வந்தீங்க?"

இதைச் சொல்லும்போது தங்கை சிரித்தாள். எங்கள் வீட்டுச் சமையலறையில், கையில் சோற்றுப் பிடியோடு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் தண்ணீர் எடுக்கிற மாதிரி எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.

அன்ரிக்கு விரல் ஒன்றும் போகவில்லை. இன்னும் பிந்தியிருந்தால் கஷ்டம் என்று அங்கே சொன்னார்களாம். ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து கட்ட வேண்டும். தங்கைதான் கூட்டிக்கொண்டு போனாள். அதற்காக நேரத்துக்கு எழும்பினாள். எழும்பியதால் சாப்பிட்டாள். அலைந்ததால் நித்திரை வந்தது. ஒருநாள் அங்கேயே, தன் மனம் இருந்த நிலையைப் பற்றியும் ஒரு வைத்தியரிடம் கதைத்துவிட்டு வந்தாள். அதை அவளாகவேதான் எங்களுக்குச் சொன்னாள்.

பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா தினத்தில் காலையில் வந்து, "அண்ணா, திறப்பு எங்க?" என்று கேட்டாள்.

கடை பூட்டு. திறப்பு மெஷின் லாச்சிக்குள். நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது நாளை வரைக்கும் பொறுக்க எனக்கு மனம் வரவில்லை. பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போய், இத்தனை வருஷத்தில் ஒருநாளும் தட்டாத முதலாளியின் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"போயாவுக்குமா தைக்கப் போறாய்?" என்று கேட்டுக்கொண்டே முதலாளி கடையைத் திறந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து திறப்பைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "சின்ன இடத்தில இருந்துதான் தொடங்கோணும், என்ன அண்ணா?" என்றாள். எனக்கு உடனே விளங்கவில்லை. அலுமாரி திறந்த பிறகுதான் விளங்கியது. நாடு முழுக்கக் கரண்ட் போனால் எப்படித் திருப்பிக் கொண்டுவருவது என்று அவள் படித்தாள். அவளுக்குள் போனதை எப்படித் திருப்பிக் கொண்டுவருவது என்று கர்த்தருக்குத் தெரிந்திருந்தது. முதலில் ஒரு கிழவியின் கால். அவ்வளவுதான் கொடுத்தார். அது நின்று பிடித்தது.

அந்த அத்தியாயத்தை அவள் முழுவதும் மறுபடி செய்தாள். லேசாக இருக்கவில்லை. இடையில் இரண்டொரு தரம் மறுபடியும் கதவைச் சாத்தினாள். ஆனால் பூட்டவில்லை. இந்த வருஷம் வாய்மொழிப் பரீட்சையும் முடிந்து, ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். செய்தி வந்த அன்று மேபிள் அன்ரி தன் சொந்தக் காலில் நடந்து எங்கள் படியேறி வந்து, தங்கையைக் கட்டிப்பிடித்து, "இப்பதான் டொக்டரா? அப்ப அன்னைக்கு என் காலப் பார்த்தது யாரு?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இப்போது நானும் வாய் திறந்து ஜெபிக்கிறேன். குரல் சின்னதுதான். என்னைப்போலப் பேச வராதவர்கள், சரியான சொல் தெரியாதவர்கள், உங்களில் யாராவது பின்வரிசையில் பாரத்தோடு இருந்தால், வெட்கப்பட்டு அடக்கி வைத்திருக்க வேண்டாம். வீட்டில் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டிருந்தால், அதையும் மறைக்க வேண்டாம். எழுந்து நின்று, வருகிற சொல்லால் சொல்லுங்கள். நான் கேட்டது பிழை. கர்த்தருக்குக் கேட்டது சரியாகத்தான்.