மூன்றாவது தூண்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பன்னிரண்டு வருடம் பிளாஸ்டிங் வேலை பார்த்தவன் நான். கறுப்புக் குருணையைக் காற்றோடு பீய்ச்சியடித்து இரும்பு டேங்கின் துருவை எடுக்கும் வேலை. துரு போய் இரும்பு வெள்ளையாகப் பளிச்சிட்டால் அதற்கு ‘ஒயிட் மெட்டல்’ என்று பேர். ஒரு புள்ளி மிச்சமிருந்தாலும் இன்ஸ்பெக்டர் மறுபடி அடிக்கச் சொல்வார். அந்தப் பழக்கம் கையில் ஊறிவிட்டது.

செல்போன் எங்கள் கைக்கு வந்த புதிது. பள்ளிப்பட்டு தாண்டி மலைமேல் இருக்கும் சின்ன ஊரில் பழைய மாதா கோயிலைப் புதுப்பித்தார்கள். என் மனைவி பிறந்த ஊர். சுவரிலும் தூணிலும் காலங்காலமாகப் பூசிய சுண்ணாம்பை எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். மாமனார் ஊராயிற்றே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். பத்து நாளில் கல்லெல்லாம் பளீரென்று ஆகிவிட்டது. ஊர் ரெண்டுபட்டது. பாதிப் பேர் கும்பிட்டார்கள். பாதிப் பேர் கோயிலைத் தோலுரித்துவிட்டான் என்று ஏசினார்கள். வயிற்றெரிச்சல் பிடித்த ஜனங்கள் என்று நான் கண்டுகொள்ளவில்லை.

அடுத்து வந்த திருவிழாவுக்கு நானும் என் மனைவியும் கிளம்பினோம். பஸ் திருத்தணி தாண்டியதும் சொன்னாள்.

“மூணாவது தூணுல எங்கம்மா பேரு கீது, தெரியுமா? கோபுரம் இடிஞ்சி திரும்பக் கட்டசொல்லோ மலைக்கு மணலு தூக்கினவங்க பேரையெல்லாம் கொத்தனாரு செதுக்கினாராம். அப்புறம் சுண்ணாம்பு பூசிட்டாங்க. கண்ணுக்குத் தெரியாது, வெரலு வெச்சாத்தான் தெரியும். நைனா என்னைத் தூக்கினு போய் தடவிக் காட்டுவாரு. நீதான் சுண்ணாம்ப எடுத்துட்டியே, இனிமே கண்ணால பாப்பேன்.”

அவளுக்கு ரெண்டு வயதில் அம்மா போய்விட்டாள். ஒரு போட்டோகூடக் கிடையாது.

அந்தத் தூணில் குருணை பீய்ச்சும் நாசிலைப் பிடித்தது நான்தான். சுண்ணாம்பு உதிர்ந்ததும் கல்லில் சின்னச் சின்னப் பள்ளம். பள்ளத்துக்குள் வெள்ளை ஒட்டியிருந்தது. சனியன் போகிறதா பார் என்று பிரஷரை ஏற்றினேன், டேங்குக்கு வைக்கும் அதே பிரஷர். எழுத்தா கீறலா என்று குனிந்து பார்க்கவில்லை.

“இன்னா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி கீது?”

“மலை ரோடு, தலை சுத்துது.”

கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைத் திணித்தாள். ஒவ்வொரு வளைவிலும் சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. பழத்தை முகர்ந்துகொண்டே வந்தேன். கோழைப்பயல் நான்.

கோயில் வாசலில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்ததும் காறித் துப்பினார். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. “என் ஊட்டுக்காரரு வேலையில இன்னா கொறைய கண்டுட்ட?” என்று சத்தம் போட்டாள். அதற்கு அந்தப் பெரியவர் என்னைச் செருப்பால் அடித்திருந்தால் தேவலை.

உள்ளே போய் மூன்றாவது தூண் முன்னால் உட்கார்ந்தாள். பார்த்தாள். முந்தானையால் துடைத்தாள். எழுந்துபோய் முதல் தூணிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, இடுப்பளவு உயரத்தில் விரலை வைத்துத் தடவினாள். சொரசொரப்பு இருந்தது. எழுத்து இல்லை.

“நீதான?”

“நான்தான்.”

கத்துவாள், அறைவாள் என்று நின்றேன். அவள் தூணிலிருந்து கையை எடுக்கவில்லை.

“அத அழிக்க எத்தினி நேரம் ஆச்சி?”

“அரை நிமிஷம்,” என்றேன். கூட்டித்தான் சொன்னேன்.