எண்ணெய் கேட்காத ஓம்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் அம்மாவோடு ஊர் திரும்ப, பெருநகர் போகும் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். அந்தி நேரம். எதிர் பேக்கரியின் புது போர்டு சிவப்பாகப் பளிச்சிட்டது. என் கைகள் தாமாகக் குவிந்தன.

எங்கள் ஊர்க் கோயில் கோபுரத்தில் நியான் விளக்கில் ஒரு 'ஓம்' உண்டு. காஞ்சிபுரத்தில் கண்ணாடிக் குழாயை நெருப்பில் காட்டி வளைக்கும் வேலையில் இருந்த நைனா செய்து மாட்டியது. ஞாயிறுகளில்தான் அவர் வீட்டுக்கு வருவார். மற்ற நாட்களில், பொழுது சாய்ந்து அது எரிந்ததும், வயலில் நிற்கும் அம்மா புல்லுக்கட்டை இறக்கிவிட்டுக் கும்பிடுவாள். நானும் கும்பிடுவேன். கோபுரத்தடியில் நின்றால் வண்டு போல ரீங்காரம் கேட்கும். அது அணைந்துவிடக் கூடாதென்று அம்மா வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்கு நல்லெண்ணெய் கொடுத்துவந்தாள்.

அது தெரிந்த அன்று நைனா விழுந்து விழுந்து சிரித்தார். "அதுல திரியே இல்லமே! குழாய்ல இருந்த காத்தை உறிஞ்சிட்டு, நியான் வாயு கொஞ்சூண்டு வுட்டு மூடிட்டேன். கரெண்டு உள்ள பூந்து இடிச்சா அது செவப்பா மின்னும்."

"கொஞ்சூண்டுன்னா தீந்து பூடாதா?"

"எரிஞ்சாதானே தீரும்? கண்ணாடி ஒடையாத வரைக்கும் உள்ள அதே வாயுதான்."

அம்மா இப்போது என் கையைப் பிடித்து இறக்கினாள். "இது எல்இடி லைட்டுடி. உங்க நைனா வுட்ட வாயு நம்ம ஊர்ல கீது."

நைனா போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகிவிட்டன.

பஸ் வந்தது. ஏறும்போது அம்மாவின் பை என் முழங்காலில் இடித்தது. உள்ளே நல்லெண்ணெய் பாட்டில். நாளை வெள்ளிக்கிழமை.