பேஜார் போளூர் அவர்களே

பத்து வருடம் ஆரணியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங் சொல்லிக்கொடுத்தேன். கற்றுக்கொள்ள ஆள் வராமல் போனதால் சென்டரை மூடிவிட்டார்கள். அடுத்த மாதமே ஒரு பட்டுப்புடவைக் கடையில் ஆன்லைன் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தேன். கடையின் பின்னறையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், நான். மற்றவர்களிடம் பேசும்போது முதலாளி என்னை ஆன்லைன் மேடம் என்பார். நேரில் "இன்னாம்மா" என்பார்.

நான் புடவைகளைப் படமெடுத்துச் சரிசெய்து கொடுப்பேன். முதலாளி அவற்றைத் தன் போனிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராக அனுப்புவார். அகர வரிசையில் போவார். 'ம' வருவதற்குள் கடை சாத்தும் நேரம் வந்துவிடும். 'வ'வில் பெயர் தொடங்குகிறவர்களுக்கு எங்கள் புடவைகளைப் பற்றி அதிகம் தெரியாது.

இதற்கெல்லாம் பிரவுசரிலேயே சேர்த்துக்கொள்ள எக்ஸ்டென்ஷன் கிடைக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். பொங்கலுக்குப் பிறகு ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒன்று எழுத்துப் பிழை திருத்தியது. ஒன்று படங்களை ஒரே அழுத்தில் பளிச்சென்று ஆக்கியது. ஆடியில் கிடைத்த மூன்றாவதுதான் பெரிய விஷயம். முதலாளியின் போனைக் கம்ப்யூட்டரோடு இணைத்து ஒரு செய்தியை எழுதிவிட்டால், போனில் உள்ள எல்லோருக்கும், அவரவர் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்து, தானாகவே அனுப்பிவிடும்.

முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"இது டீ கீ எதுனா கேக்குமா?"

"கேக்காதுண்ணா."

"அப்ப உடும்மா, ஜல்தி."

எதற்கும் முதலில் இரண்டு பேருக்கு அனுப்பிப் பார்த்தேன். எனக்கு, 'வணக்கம் ஆன்லைன் மேடம் அவர்களே' என்று வந்தது. முதலாளியின் மனைவிக்கு, 'வணக்கம் வீடு அவர்களே' என்று போனது. பெயர் வரவேண்டிய இடத்தில் ஏதோ ஒன்று வந்திருக்கிறது, வேலை செய்கிறது என்று முடிவுசெய்தேன். ஆடித் தள்ளுபடிச் செய்தியை எல்லோருக்கும் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது முதலாளி போனை மேசைமேல் வைத்து, தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பெயர்கள் நினைவில் நிற்காது. ஆளை அடையாளம் தெரிய, ஊரையும் சேர்த்து அவராகவே ஒரு பெயர் வைத்துப் போனில் பதிந்துகொள்வார். இது எனக்கு அன்றுதான் தெரியும். 'வணக்கம் எடுக்காதே ஒன்று அவர்களே' என்று ஒருவருக்குப் போயிருந்தது. எடுக்காதே இரண்டுக்கும் போயிருந்தது. 'மூக்கு தெள்ளார்' யாருடைய மூக்கு என்று கேட்டு எழுதியிருந்தார். 'கல்யாணம் நின்ன தேசூர்' என்ற பெண்மணி, நின்று ஆறு வருஷம் ஆகிறது, இப்போது தனக்கு இரண்டு குழந்தைகள் என்று பொறுமையாகத் தெரிவித்திருந்தார்.

"எல்லாருக்கும் ஸாரி சொல்லி ஒண்ணு போடும்மா" என்றார் முதலாளி.

போட்டேன். அவசரத்தில், பெயர் சேர்க்கும் கட்டத்தில் இருந்த டிக்கை எடுக்க மறந்துவிட்டேன். எல்லோரிடமும் அதே பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்டிருந்தோம்.

மறுநாள் காலை போளூர் பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு அம்மா நேராகக் கடைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு புடவைப் பை. கல்லாவுக்கு எதிரே நின்றார்.

"நான்தான் பேஜார் போளூர்."

முதலாளி எழுந்து நின்றார். வேறென்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. "உக்காருங்க" என்றார்.

அவர் உட்காரவில்லை. போளூரில் ரத்தம், சிறுநீர் பரிசோதிக்கும் லேப் வைத்திருப்பவர். ஏழு வருடமாக எங்களிடம் புடவை வாங்குகிறார். இந்த வருடம் மட்டும் மூன்று புடவைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். இது நான்காவது.

"படத்துல ரோஸ் கலர் இருக்குது. பிரிச்சா வெங்காயத்தோல் கலர் இருக்குது. போன் பண்ணி கேட்டா, உங்க கண்ணுல கோளாறுன்னு சொல்லிகினு இருக்காரு உங்க மொதலாளி. நான் பொழுதுக்கும் கலர பாத்துதான் ரிசல்ட் எழுதறேன். எனக்கு கலர் தெரியலன்னா போளூர்ல பாதி பேருக்கு சக்கர இல்லன்னு எழுதியிருப்பேன்."

என்னிடம் நான்காவதாக ஒரு எக்ஸ்டென்ஷன் இருந்தது. திரையில் எந்த இடத்தைத் தொட்டாலும் அங்குள்ள நிறத்தைத் தனியே ஒரு சின்னக் கட்டமாக எடுத்துக் காட்டும். அவர் கண்ணில்தான் பிழை என்று நிரூபித்துவிடலாம் என்று எனக்கு ஒரு எண்ணம். அவரைப் பின்னறைக்கு அழைத்துப்போய், நான் எடுத்த மூலப் படத்தில் ஒரு முறை தொட்டேன். வெங்காயத்தோல். பளிச்சென்று ஆக்கி அனுப்பிய படத்தில் தொட்டேன். ரோஸ்.

இரண்டு கட்டங்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மற்ற மூன்று புடவைகளையும் பார்த்தோம். கத்தரிப்பூ நீலமாகியிருந்தது. அரக்கு சிவப்பாகியிருந்தது. மாம்பழ மஞ்சள் எலுமிச்சையாகியிருந்தது. படங்களைப் பளிச்சென்று ஆக்கியது நான்தான். திரும்பி வந்த ஒவ்வொரு பார்சலையும் பிரித்தபோது, இந்த அம்மாவோடு ஒரே பேஜார், வேறு வேலையில்லை என்று நானும் சொல்லியிருக்கிறேன்.

"தப்பு என்னோடதுங்க" என்றேன். "அவர் உங்களுக்கு அந்தப் பேர் வெச்சதே என்னாலதான்."

அவர் புடவைப் பையை மேசைமேல் வைத்தார். பிறகு வாசற்படியில் நின்றிருந்த முதலாளியைப் பார்த்தார்.

"மொதல்ல அந்த பேர மாத்துங்க."

"உங்க பேரு இன்னாங்க?" என்று கேட்டார் முதலாளி. ஏழு வருடத்தில் முதல் தடவை. அவர் சொல்லச் சொல்ல, எழுத்துக் கூட்டிப் போனில் ஏற்றினார்.

அந்த அம்மா புடவையை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு எங்கே படி என்று கேட்டார். வெயிலில் கைப்பிடிச் சுவர்மேல் விரித்துப்போட்டு, "இங்க வெச்சு எடு" என்றார். எடுத்தேன். போன் திரையில் இருந்த நிறமும் சுவர்மேல் இருந்த நிறமும் ஒன்றாக இருந்தன. அந்த அம்மா கீழே வந்து நாற்பது புடவைகளைப் பிரிக்கவைத்து, ரோஸில் ஒன்றை எடுத்து மாற்றிக்கொண்டு, பதினொன்றரை பஸ்ஸுக்குப் போனார். டீ வேண்டாம் என்றுவிட்டார்.

படத்தைப் பளிச்சென்று ஆக்குவதை அன்றே நீக்கிவிட்டேன். இப்போது தினமும் காலை பத்து மணிக்கு மாடியில்தான் படமெடுப்பது. படங்கள் முன்பைவிட மங்கலாக இருக்கின்றன என்று முதலாளிக்குக் குறை உண்டு. ஆனால் நிறம் சரியில்லை என்று பார்சல் எதுவும் திரும்பி வரவில்லை. சந்தேகமான நிறம் ஏதாவது வந்தால், எல்லோருக்கும் அனுப்புவதற்கு முன்னால் போளூருக்கு ஒரு படம் அனுப்பிக் கேட்பேன். 'இது மயில் கழுத்து இல்ல, ராமர் பச்சை' என்று இரண்டு சோதனைகளுக்கு நடுவில் பதில் போடுவார். லேபில் கூட்டம் இருந்தால் மதியம் ஆகிவிடும். அதுவரை அந்தப் புடவையை நான் விற்பனைக்குப் போடுவதில்லை.