லிட்டருக்குப் பதினான்கு

தொகுஜி ஷிஷிதோ வேலையிலிருந்த காலம் முழுக்கத் தண்ணீர்க் கசிவு தேடியவர். எங்கள் ஊரின் குடிநீர் அலுவலகத்தில் வேலை. நீளமான இரும்புக் கம்பி ஒன்றைச் சாலையில் ஊன்றி, அதன் மேல்முனையில் காதை வைத்து, தரைக்கு அடியில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று கேட்பார். தண்ணீர் குறைந்தால் அது எங்கோ போயிருக்கத்தான் வேண்டும், எங்கே என்று தெரியும்வரை அவருக்குச் சோறு இறங்காது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குணம் போகவில்லை. நான் பக்கத்து வீட்டுக்காரி. எங்கள் சமையலறைக் குழாய் சொட்டுவதை எங்களுக்கு முன்னால் அவர்தான் சொன்னார்.

அவர் மனைவி இகுயோவுக்குச் சிறுநீரகங்கள் வேலை செய்வதை நிறுத்திவிட்டன. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். மருத்துவமனை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நகரத்தில். கணவாயைத் தாண்டிப் போக ஒரு மணி நேரம் ஆகும், பனிக்காலத்தில் இன்னும் கூட. பேருந்து நின்று பல வருடமாகிறது. இகுயோவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆக, தொகுஜியின் கார் ஓடினால்தான் இகுயோவின் இரத்தம் சுத்தமாகும். அவ்வளவுதான் கணக்கு.

போன வருடம் பிப்ரவரியில் அவர்களுடைய பழைய கார் கணவாயிலேயே நின்றுவிட்டது. டயாலிசிஸ் முடிந்து திரும்பும் வழி. வெளியே பனி, உள்ளே களைத்துப்போன மனைவி, கைப்பேசிக்கு சிக்னல் இல்லை. சாலையில் பனி தள்ளும் வண்டி வந்து பார்க்கும்வரை இருவரும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அந்தக் கார் வழக்கத்தைவிட அதிகமாகப் பெட்ரோல் குடிக்க ஆரம்பித்திருந்தது. பனி உருகட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று தொகுஜி விட்டிருந்தார்.

அதனால்தான் இலையுதிர் காலத்தில் புத்தம் புதிய ஹைபிரிட் கார் வந்தது. பெட்ரோலும், இறக்கத்தில் தானே சார்ஜ் ஆகும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டுவது. வெள்ளை நிறம். விற்றவர் லிட்டருக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர் என்று சொல்லியிருந்தார். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு திரை, அதில் சராசரி மைலேஜ் எண்ணாகத் தெரியும். முதல் மாதம் இருபத்துமூன்று. சரி, புது வண்டி, பழகட்டும் என்றார். மேப்பிள் இலை உதிர்ந்தபோது இருபது ஆனது. முதல் பனி விழுந்ததும் பதினேழு. டிசம்பர் நடுவில் பதினான்கு.

பதினான்கு என்று தெரிந்த அன்று அவர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். கையில் முள்ளங்கி ஊறுகாய். கொடுத்துவிட்டுப் போகாமல் அப்படியே நின்றார்.

"எங்கேயோ ஒழுகுதும்மா," என்றார்.

"வண்டிக்கு அடியில பாத்தீங்களா அண்ணே?"

"அட்டை விரிச்சு வச்சுப் பாத்துட்டேன். ஒரு சொட்டு இல்ல. ஆனா பாதி பெட்ரோல் எங்கேயோ போகுது. போன வண்டியும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காசைப் பற்றிய கவலை இல்லை இது. அந்த எண் குறையக் குறைய, கணவாயில் இன்னொரு முறை நிற்கப்போகிறோம் என்று அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

வண்டி வாங்கிய இடத்துக்குக் கொண்டுபோனார். கணினியை மாட்டிச் சோதித்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார்கள். "குளிர் காலத்துல எல்லா ஹைபிரிட்டுமே இப்படித்தாங்க. ஹீட்டர் போட்டா இன்ஜின் ஓடித்தான் ஆகணும், அந்தச் சூட்டைத்தான் உள்ள அனுப்புது" என்று அங்கிருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். தொகுஜி நன்றி சொல்லிக் குனிந்து வணங்கிவிட்டு வந்தார். அவள் சொன்னதில் ஒரே ஒரு சொல்தான் அவர் மனதில் தங்கியது. ஹீட்டர்.

அன்றிலிருந்து கசிவு தேடும் வேலை தொடங்கியது. பாரம் குறையட்டும் என்று, பனியில் மாட்டினால் உதவப் பின்னால் வைத்திருந்த மண்வாரியையும் இழுவைக் கயிற்றையும் போர்வைகளையும் இறக்கிவிட்டார். டயருக்குக் காற்று அடித்தார், மறுநாள் அளந்தார், மறுபடி அடித்தார். காலையில் வீட்டு முன்னால் இன்ஜினை ஓடவிட்டு, பானெட்டில் காதை வைத்துக் கேட்டார். பிறகு ஷின்தோ கோயில் வரைக்கும் ஒரு சோதனை ஓட்டம். திரும்பி வந்து எண்ணைப் பார்ப்பார். மதியம் வேகத்தை மாற்றி இன்னொரு ஓட்டம். சாலையில் மிக மெதுவாகப் போனார். காலையில் தெருவே சேர்ந்து பனி வாரும்போது என் வீட்டுக்காரர் சும்மா இருக்கவில்லை.

"என்ன தொகுஜி அண்ணே, நேத்து உங்க பின்னாடி எட்டு வண்டி வரிசையா வந்துச்சாமே. கல்யாண ஊர்வலமா?"

"வழி விட்டேன்டா. அவனுங்கதான் முந்தல."

"முந்தினா பொண்ணு வீட்டுக்காரங்க கோவிச்சுப்பாங்கல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். தொகுஜி சிரித்த மாதிரி உதட்டை இழுத்தார், கண் வண்டிமேலேயே இருந்தது.

ஹீட்டரை அவர் ஒரேயடியாக நிறுத்தவில்லை. முதலில் சூட்டைக் குறைத்தார். பிறகு ஏற்றம் முடியும்வரை வேண்டாம் என்றார். பிறகு ஊருக்குள் வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றார். கண்ணாடியில் ஆவி படிந்தால் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிடுவார். இகுயோ ஒன்றும் சொல்லவில்லை. டயாலிசிஸ் முடிந்து வரும்போது உடம்பு எலும்புவரை சில்லென்று இருக்கும் என்று அவர் என்னிடம் ஒரு முறை சொல்லியிருக்கிறார். காருக்குள் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடிக் கையுறை, மடியில் சால்வை, கழுத்தில் தொகுஜியின் பழைய மப்ளர். நான் ஒரு நாள் நேரடியாகவே கேட்டேன்.

"ஏன் அக்கா பொறுத்துக்கிட்டு இருக்கீங்க? வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"அந்த நம்பர் கொஞ்சம் ஏறினா மனுஷன் ராத்திரி தூங்குறாரு," என்றார் இகுயோ. "எறங்கினா கூரையைப் பாத்துக்கிட்டு படுத்திருக்காரு. எனக்குக் குளிர் பரவால்ல."

ஜனவரிக் கடைசியில் ஒரு நாள். அன்று டயாலிசிஸ் முடியும்போதே இகுயோவுக்கு இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. சிறிது நேரம் படுக்கவைத்து, சரியான பிறகு அனுப்பினார்கள். பனி தூறிக்கொண்டிருந்தது. கணவாய் ஏற்றத்தில் எண் பதினான்குக்கும் கீழே போனது. தொகுஜி ஹீட்டரை அணைத்தார். நடுவழியில் பக்கத்து இருக்கையிலிருந்து பேச்சே வரவில்லை. வழக்கமாக இகுயோ எதையாவது சொல்லிக்கொண்டே வருவார், அவர் 'ம்' கொட்டுவார்.

"தூக்கமா?"

பதில் இல்லை. திரும்பிப் பார்த்தார். முகம் காகிதம்போல வெளுத்திருந்தது. நெற்றி வியர்த்திருந்தது, அந்தக் குளிரில்.

சாலையோரம் அகலமான இடத்தில் வண்டியை நிறுத்தி, இருக்கையைச் சாய்த்து, காலைத் தூக்கி வைத்தார். இகுயோ கண்ணைத் திறந்தார். "ஒண்ணுமில்லீங்க. கிறுகிறுன்னு வந்துச்சு," என்றார். பிறகு பழக்கத்தில் வலது கையால் இடது முன்கையைத் தொட்டார். டயாலிசிஸ் செய்வதற்காக அங்கே இரத்தக் குழாய்கள் இரண்டை அறுவை செய்து இணைத்திருந்தார்கள். அதன்மேல் விரலை வைத்தால் எப்போதும் ஒரு அதிர்வு இருக்கும். அது நின்றால் டயாலிசிஸும் நின்றது என்று அர்த்தம். காலையிலும் மாலையிலும் அதைத் தொட்டுப் பார்ப்பது அவருடைய வழக்கம்.

அவர் விரலை நகர்த்தினார். மறுபடி நகர்த்தினார்.

"என்னங்க, எனக்கு விரல் மரத்துப்போச்சா, இல்ல இது..."

தொகுஜி இன்ஜினை நிறுத்தினார். மனைவியின் கையைத் தூக்கி, சட்டையை விலக்கி, காதை வைத்தார். தெருவெல்லாம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்ட காது அது. மணலில் ஒழுகினால் ஒரு சத்தம், களிமண்ணில் ஒழுகினால் ஒரு சத்தம் என்று பிரித்துச் சொல்லும் காது. தோல் சில்லென்றிருந்தது. வெகுதூரத்தில் மிக மெல்லியதாக ஏதோ கேட்டது. ஊதலுக்கும் மூச்சுக்கும் நடுவில். பிறகு அதுவும் கேட்கவில்லை.

"அந்த மாதிரி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லம்மா," என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

வண்டியைத் திருப்பினார். ஹீட்டரை முழுவதும் திறந்தார். தன் மேல்கோட்டைக் கழற்றி மனைவிக்குப் போர்த்தினார். இறங்கும் வழியில் எவ்வளவு வேகத்தில் போனார் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. சிக்னல் கிடைத்ததும் மருத்துவமனையைக் கூப்பிட்டார். வாசலில் சக்கர நாற்காலியோடு நர்ஸ் காத்திருந்தார்.

குழாயில் இரத்தம் கட்டியிருந்தது. மணிக்கட்டு வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, சிறு பலூனை ஊதி, அடைப்பை நீக்கினார்கள். சீக்கிரம் வந்ததால் காப்பாற்ற முடிந்தது என்றார் டாக்டர். குளிராலா என்று தொகுஜி கேட்டார். "அதனாலதான்னு சொல்ல முடியாது. ஏற்கெனவே குழாய் சுருங்கியிருந்துது, அழுத்தமும் எறங்கியிருந்துது," என்று டாக்டர் சொன்னார். பிறகு, "ஆனா குளிர்ல வைக்காதீங்க" என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியத்துக்குப் பிறகு தொகுஜி நடைவழி நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

இகுயோ கோபப்பட்டது அப்போதுதான். கட்டுப்போட்ட கையோடு படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த டிவியைப் பாக்கறதை விடுங்க."

"எந்த டிவி?"

"வண்டிக்குள்ள வச்சிருக்கீங்களே, அது. நானும் நாலு மாசமா பக்கத்துல உக்காந்து அதைத்தான் பாக்கறேன். எனக்கு வேற என்ன வேலை? நீங்க நம்பரை மட்டும் பாக்கறீங்க. பக்கத்துல படம் ஒண்ணு ஓடுதே, அதைப் பாத்தீங்களா? எறக்கத்துல பேட்டரிக்குப் பச்சைக் கோடு போகணும். மலை எறங்குற வரைக்கும் அந்தக் கோடு மெலிசாத்தான் இருக்கு. சமதளத்துக்கு வந்த பிறகும் இன்ஜின் சும்மா கத்துது. ஏன்?"

தொகுஜி யோசித்தார். இறக்கத்தில் போடுவதற்கென்று கியரில் 'B' என்று ஒரு நிலை இருந்தது. 'B' என்றால் பேட்டரி என்று அவரே முடிவு கட்டியிருந்தார். கணவாய் உச்சியில் போட்டால் நகரம் வரும்வரை எடுக்கவே மாட்டார். உண்மையில் அது பிரேக்குக்கு உதவியாக இன்ஜினால் வண்டியை இழுத்துப் பிடிக்கிற நிலை. செங்குத்தான நீண்ட இறக்கத்துக்குத்தான் தேவை. பேட்டரிக்குப் போகவேண்டியதில் பாதியை அது சத்தமாக்கி விட்டுக்கொண்டிருந்தது.

"அப்புறம்," என்றார் இகுயோ, "தினமும் கோயிலுக்கு எதுக்குப் போறீங்க?"

"சோதிக்க."

"குளிர்ந்த இன்ஜினைச் சூடாக்கி, சூடானதும் வீட்டுக்கு வந்து அணைச்சு, மறுபடி குளிர வச்சு, மறுபடி சூடாக்கி. எவ்வளவு குடிக்குதுன்னு பாக்கறதுக்கே பாதியைக் குடிக்க வச்சீங்களே."

தொகுஜி நழுவிய போர்வையை அவர் கட்டுப்போட்ட கைமேல் இழுத்துவிட்டார். பிறகு, "இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்றார்.

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

"கேட்டிருக்க மாட்டேன்."

அடுத்த வாரத்திலிருந்து மாறியது. மண்வாரியும் போர்வைகளும் வண்டிக்குள் திரும்பின. சோதனை ஓட்டம் நின்றது. மளிகை வாங்குவது, தபால் போடுவது எல்லாம் மருத்துவமனை போகும் நாளிலேயே முடிந்தது. டயர் காற்றைக் காலையில் வண்டி கிளம்புமுன் மட்டும் அளந்தார். வண்டியின் கூரைமேல் இருக்கும் பனியைத் துடைத்த பிறகே கிளம்பினார். இகுயோ நகரத்துக் கடையில் காரில் செருகிக்கொள்ளும் மின்சார இருக்கை விரிப்பு ஒன்று வாங்கினார். முதுகு சூடாக இருந்தால் ஹீட்டரை அளவாக வைத்தாலே போதும் என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். இறக்கத்தில் பிரேக்கை முன்கூட்டியே மெதுவாக அழுத்தச் சொல்லிக் கொடுத்தார். "இப்ப... இப்ப... மெதுவா... ஆங், பச்சை!" என்று அவர் கத்துவது எதிரே வரும் வண்டிக்குக் கேட்கும் என்று தொகுஜி புகார் சொன்னார். பிப்ரவரியிலேயே எண் பதினெட்டானது. இருபத்தெட்டு வரவே இல்லை, வரவும் போவதில்லை.

ஆனால் பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். அந்த ஜனவரிக்குப் பிறகு தொகுஜிக்கு வேறொரு கவலை வந்தது. வண்டி நிற்காமல், தானே நின்றுவிட்டால்? காய்ச்சல் வந்தால், இடுப்புப் பிடித்தால், இகுயோவை யார் கொண்டுபோவார்கள்? இதை அவர் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டது இகுயோ. ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, மேசை முன்னால் நேராக உட்கார்ந்து, "வாரத்துல ஒரு நாள் நீ ஓட்டுவியா? அவர் பக்கத்துல உக்காரட்டும், இல்ல வீட்ல இருக்கட்டும். இப்பவே பழகிடணும்" என்றார். நான் தலையாட்டினேன். ஆனால் அந்தக் கணவாயை நான் பனியில் ஓட்டியதே இல்லை.

மார்ச்சில் முதல் முறை அவர்கள் வண்டியை ஓட்டினேன். தொகுஜி வாசலில் நின்று, கண்ணாடி, பெல்ட், விளக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். இகுயோ ஜன்னலை ஏற்றிவிட்டார். போகும்போதும் வரும்போதும் நான் பயந்துகொண்டே ஓட்டினேன். திரும்பி எங்கள் தெருவுக்குள் நுழையும்போது திரையில் இருபத்திரண்டு என்று இருந்தது.

"அடியே," என்று இகுயோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "உனக்கு இவ்வளவு வந்ததை அவர் பாத்தா ஒரு வாரம் சாப்பிட மாட்டாரு." ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தார். எண் அழிந்து வெறும் கோடாகியது.

தொகுஜி நாங்கள் கிளம்பிய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். குளிரில் காது சிவந்திருந்தது. வண்டி நிற்பதற்கு முன்பே கதவுப் பிடியில் கை வைத்தார்.

"கணவாயில அந்தச் சுரங்கப்பாதைகிட்ட பாதை உறைஞ்சிருந்துதா?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்லண்ணே, ஈரம் மட்டும்தான்."

"நாளைக்கு உறையும்," என்றார் அவர். இகுயோ இறங்கத் தோளைக் கொடுத்தார்.