மாரியம்மன் உண்டியலில் ஒரு ரோமானியக் காசு

காலை எட்டரைக்குப் பொள்ளாச்சியில் பேருந்து ஏறினேன். அம்பராம்பாளையம் தாண்டியதும் தென்னந்தோப்புகள். அரை மணியில் கேரள எல்லைக்குள் மீனாட்சிபுரம். நண்பனின் அக்கா மரகதம் அங்கே மாடு வளர்க்கிறார். கொட்டகைக்குத் தூண் நடக் குழி தோண்டியபோது ஐந்து செப்புக் காசுகள் கிடைத்தனவாம். பழைய காசு பார்ப்பது என் பைத்தியம் என்பதால் அழைப்பு எனக்கு வந்தது.

தட்டில் நான்கு காசுகள் தகதகவென்று மின்னின. மண்ணிலிருந்து எடுத்த பழங்காசு அப்படி மின்னக் கூடாது.

"எதுலக்கா வெளக்குனீங்க?"

"குத்துவெளக்கு தேய்க்கறாப்லதானுங்க. புளியும் சாம்பலும் போட்டேன். எப்படி மினுங்குது பாருங்க."

இந்தப் பக்கம் கிடைக்கும் பிற்கால ரோமானியச் செப்புக் காசு இவற்றைப் போலச் சுண்டுவிரல் நகம் அகலம்தான். பின்புறத்து உருவத்தை வைத்துத்தான் பெரும்பாலும் அடையாளம் காண்போம். இவற்றில் உருவமே இல்லை. சட்டைப் பொத்தான் போல வழவழத்தன.

"அஞ்சாவது?"

அது கன்றுக்குட்டியின் கழுத்தில் இருந்தது, மஞ்சள் துணியில் முடிந்து. பிறந்ததும் எழுந்து நிற்காத கன்றாம். பிழைத்தால் அந்தக் காசையே மாரியம்மனுக்குப் போடுவதாக வேண்டியிருக்கிறார். இப்போது அந்தக் கன்று என் பையைச் சப்பிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் அவுத்துப் பாக்கலாங்களா?"

"கோயல்ல வெச்சுத்தானுங்க அவுக்கோணும்," என்றவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "சரி வாங்க. கண்ணுக்குட்டிதான் பொழைச்சுக்கிச்சே, இன்னைக்கே போட்டரலாம்."

பத்து மணிக்குக் கோயில். பூசாரி முடிச்சை அவிழ்த்துத் தட்டில் வைத்தார். புளி படாத காசு! வேல் பிடித்த இரண்டு வீரர்கள், நடுவே படைக்கொடி. ஒப்பிட்டுப் பார்க்க நான் கொண்டுவந்திருந்த காசை அருகில் வைத்தேன். அதே வகை. நான்காம் நூற்றாண்டு. சந்தோஷத்தில் பூசாரியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன்.

ஆனால் மரகதம் காசோடு உண்டியல் பக்கம் நகர்ந்தார்.

"அக்கா, எந்த மண்ணுல கெடைச்சதுன்னு தெரிஞ்ச காசுங்க. வில்லேஜ் ஆபீசுல ஒப்படைக்கோணும். உள்ள போனா சில்லறையோட சில்லறையாப் போயிரும்."

"சாமிக்குச் சொன்னது சொன்னதுதானுங்களே."

பூசாரி தாடையைச் சொறிந்தார். "மாத்துக் காசு போடலாம் ஆத்தா. ஆனா அதே மாதிரிக் காசா இருக்கோணும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அம்மனும் பார்ப்பது போலத்தான் இருந்தது. கோவைக் கண்காட்சியில் ஆசைப்பட்டு வாங்கிய காசு அது. கண்ணை மூடிக்கொண்டு மரகதத்தின் கையில் கொடுத்தேன். உண்டியலில் விழுந்த சத்தம் கேட்டது.

பன்னிரண்டு மணிக்குள் அவருடைய காசுகள் ஐந்தும் வில்லேஜ் ஆபீசில் ஒப்படைக்கப்பட்டன. நான் திரும்பும் பேருந்தில் ஏறினேன். வீட்டுப் பெட்டியில் என் ஒவ்வொரு காசுக்கும் ஒரு குழி, அதன் கீழே காசு மண்ணில் கிடைத்த இடத்தை எழுத ஒரு சீட்டு உண்டு. விலைக்கு வாங்கியவை, எந்த மண் என்று தெரியாது என்பதால் எல்லாச் சீட்டும் வெறுமைதான். காலியான அந்தக் குழியின் சீட்டில் மட்டும் அன்று மாலை எழுதினேன்: இருக்கும் இடம், மாரியம்மன் உண்டியல், மீனாட்சிபுரம்.