மஞ்சள் துணிக்குள் ஒரு சிங்கம்

தங்கை மகன் காலையில் ஒரு காணொளி அனுப்பியிருந்தான். அச்சுப் பிழையுள்ள இந்தக் காசு உங்கள் வீட்டில் இருந்தால் நீங்கள் லட்சாதிபதி என்று ஒருவர் அதில் கத்துகிறார். காசைப் பார்த்தேன். யாரோ சுத்தியலால் நசுக்கியது. விளிம்பைத் திருப்பிப் பார்க்கக்கூட அவருக்கு அவகாசமில்லை. லட்சாதிபதிகளை உருவாக்குகிற அவசரம். எனக்கு என்னவோ பூண்டு வாசம் அடித்தது.

முன்பு பழனியில் ஒரு வங்கியில் சில்லறைக் கவுண்டரில் வேலையிலிருந்தேன். அந்த ஊர்ச் சில்லறைக்கே ஒரு மணம் உண்டு: திருநீறும் பஞ்சாமிர்தமும். பஞ்சாமிர்தத்தில் ஒட்டிக்கொண்ட காசுகளை எப்படிப் பிரிப்பது என்பதற்கு மட்டும் சுற்றறிக்கை வரவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் வந்தது. எல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஒரு நாள் கொடைக்கானல் மேல்மலைக் கிராமமான கிளாவரையிலிருந்து மாயாண்டி என்பவர் பூண்டு மூட்டையோடு வந்து நின்றார். மஞ்சள் துணியை அவிழ்த்து ஒரு ரூபாய்க் காசை வைத்தார். எண் இருக்கும் பக்கத்தில் சிங்க முகம், இடவலம் மாறி, பள்ளமாகப் பதிந்திருந்தது.

"வெரசா பாத்துச் சொல்லுங்க சார். பூண்டு சொமக்குற குதிரைக்குக் கால் நொண்டிப் போயி முருகனுக்கு முடிஞ்சு வச்ச காசு. கொடைக்கானல்ல ஒருத்தரு, அச்சுல வந்த பிழை, ஐநூறு தாரேங்காரு. வித்தா புதுச் சேணம் வாங்கலாம். வித்தா கால் திரும்பப் போயிருமோன்னும் பயமா கெடக்கு."

நாணயச்சாலையில் முந்தின காசு அச்சில் ஒட்டிக்கொண்டால் அடுத்ததில் இப்படி விழும். ஆனால் அதில் மறுபக்கம் கூர்மையாக இருக்கும், விளிம்பும் குலையாது. இதிலோ மறுபக்கம் சப்பை, விளிம்பு பிதுங்கல். சிங்கத்துக்கு அடியில் 'ஒன்று' என்ற எண் வேறு மங்கலாகத் தெரிந்தது; அச்சுப் பிழையென்றால் அந்த எண்ணே விழுந்திருக்காது.

"இத அடிச்சீங்களா?"

"சாமி காச எவனாச்சும் அடிப்பானா சார்!"

"சுத்தியல் பட்டுச்சா?"

அவர் தலையைச் சொறிந்தார். "லாடம் வளைக்கையில, சாமி காசு பட்டா கால் நிக்கும்னு, முடிப்ப அடியில வச்சு லாடக்காரர மூணு தட்டு தட்டச் சொன்னேன். உள்ள ரெண்டு காசு கெடந்துச்சு. ஒண்ண ஊர்க்கோயில்ல போட்டுட்டேன்."

ஒன்றின் சிங்கம் மற்றதில் ஏறிவிட்டது. "பிழை இல்ல, சேதம். ஐநூறு என்ன, சட்டப்படி ஒரு ரூபாய்க்கே செல்லாது" என்றேன்.

"அப்பாடா!" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ராவெல்லாம் தூக்கமில்ல சார். தப்பிச்சேன்."

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "முருகனுக்குச் செல்லுமா?"

"அதுக்கு எங்களுக்கு ஆர்டர் வரல."

"அப்பச் செல்லும்" என்று அவரே தீர்ப்பெழுதிவிட்டு, ஒரு கொத்து மலைப்பூண்டை வைத்துவிட்டு மலைக்கோயிலுக்குப் படியேறப் போனார். வாடிக்கையாளரிடம் எதையும் பெறக்கூடாது என்ற விதியும் எனக்கு மனப்பாடம்தான். அன்றைய பூண்டு ரசம் பிரமாதம்.

செல்லாது என்று நான் சொன்னதற்காகச் சண்டை போட்டவர்கள் எத்தனையோ பேர். கைகளைப் பிடித்து நன்றி சொன்னவர் அவர் ஒருவர்தான். அந்த வேலைக்கு அதற்காகவே நான் கடன்பட்டவன்.

இப்போது பூண்டு ஜீப்பில் இறங்குகிறது. குதிரையைக் கொடைக்கானல் ஏரிக்கரையில், சுற்றுலாப் பயணிகளைச் சுமந்தபடி பார்க்கலாம். சில்லறைக் கவுண்டர் இருந்த இடத்தில் ஓர் இயந்திரம். கோயில் காணிக்கைக்கும், ஒட்டிவைத்திருக்கும் கியூஆர் சதுரக் கட்டத்துக்கு நேரே கைபேசியைக் காட்டினால் போதும். சுத்தமான ஏற்பாடு, குறை சொல்லமாட்டேன். நசுங்கிய காசைப் போடத்தான் அதில் துவாரம் இல்லை.