தாய்மாமன் மடி

முள்ளிப்பட்டு சுகன்யாவின் வீட்டில் பஞ்சம் ஒன்றும் இல்லை. பட்டுத்தறி ஓடியது, நெய்யப் புருஷன் பாலு இருந்தான், வேளைக்குச் சோறு கிடைத்தது. எதிர்வீடு குடிசையாக இருந்திருந்தால் அவளும் நிம்மதியாக இருந்திருப்பாள். என்ன செய்ய, அது பாலுவின் அண்ணன் கந்தசாமியின் மாடி வீடாகப் போய்விட்டது. அவர் விசைத்தறி போட்டு நாலு காசு பார்த்தவர். அவருடைய மூன்று பிள்ளைகளையும் ஆரணி இங்கிலீஷ் பள்ளிக்கு ஏற்றிப்போக வேன் வரும்போதெல்லாம் சுகன்யாவுக்கு வயிறு எரியும்.

தொண்ணூற்றொன்றில், மகள் ஜெயப்ரியாவுக்கு ஐந்து வயதானபோது, பாலு மெதுவாகக் கேட்டான். "இன்னொண்ணு பெத்துக்கலாமே?"

"ரெண்டு பெத்துகினு ரெண்டயும் அரையும் கொறையுமா வளக்கறதா? உங்க அண்ணன் புள்ளைங்க எதிர்ல எம் பொண்ணு கொறைஞ்சு நிக்கக் கூடாதுங்க."

பாலு தறிக்குத் திரும்பிவிட்டான். அவள் குடும்பக்கட்டுப்பாடு செய்துகொண்டாள். உடம்பு தேறியதும் ஆரணியில் ஒரு பட்டுச்சேலைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அதுவரை பாலுவுக்குத் தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சுற்றித் தந்தவள் அவள்தான். இப்போது அதற்கு ஆள் வைத்தார்கள். ஜெயப்ரியாவும் வேனில் ஏறினாள், இன்ஜினியரிங் படித்தாள், சென்னையில் வேலையும் மாப்பிள்ளையும் அமைந்தன. அத்தனையும் நினைத்தபடி நடந்தது.

2009-ல் பேத்திக்குக் காதுகுத்து. விருந்து, மேளம், பந்தல் எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்த சுகன்யா ஒன்றை மட்டும் தள்ளிப்போட்டாள். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டும். ஜெயப்ரியாவுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. பெரியப்பா மகன் உட்காரலாம்தான். ஆனால் அந்த வீட்டுப் படியேறி எப்படிக் கேட்பது?

"தாய்மாமன் வந்து உக்காருங்க," என்றார் ஆசாரி. ஒருவரும் அசையவில்லை. சுகன்யா தலை குனிந்தாள். இல்லாத அந்த மகனைத் தானே கொன்றுவிட்டதுபோல் இருந்தது.

கூட்டத்திலிருந்து கந்தசாமியின் மகன் சதீஷ் எழுந்து வந்தான். கையில் சீர்த்தட்டு. யாரும் சொல்லாமலே வாங்கி வந்திருக்கிறான். "குடு ஜெயா, எம் பொண்ணு இவ," என்று குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். சுகன்யா அழுதாள், குழந்தைக்கு வலிக்குமே என்று அழுவதாக எல்லோரும் நினைத்தார்கள்.

சாயங்காலம் மகளைத் தனியே கூப்பிட்டாள். இன்னொன்று பெற்றுக்கொள், வேலையை விட்டுவிட்டு வந்து நான் வளர்க்கிறேன் என்று சொல்லத்தான்.

மகள் முந்திக்கொண்டாள். "அம்மா, எனக்கு இவ ஒருத்தி போதும். எங்க நாத்தனாரு அவ பொண்ண எப்டி வளக்கறா தெரியுமா? நானும் அப்டி வளக்கணும். நீ அன்னிக்கு ஒண்ணோட நிறுத்தினதாலதான் நான் இப்டி கீறேன், உனக்கு எத்தினி வாட்டி தேங்க்ஸ் சொன்னாலும் பத்தாது. அடுத்த வாரம் நானும் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன். நீதான் கூட இருக்கணும்."

வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வாள்? மறுவாரம் கடையில் லீவு சொல்லிவிட்டு சென்னைக்கு பஸ் ஏறினாள்.